நாற்பத்தாறின் மஞ்சள் கோடு

ஒரகடத்தில் நான் பார்த்த வேலைக்குச் சரியான பெயர் கிடையாது. காலை ஆறு மணிக்கு லாரி யார்டுக்குப் போய், வரிசையாக நிற்கும் வண்டிகளின் டீசல் டேங்கில் அளவுக் குச்சியை இறக்கி, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். அப்புறம் ஓடிய கிலோமீட்டர், ஏற்றிய எடை, டயரில் காற்று. ஒன்பதாம் வகுப்பு அரைப் பரீட்சையோடு நின்றவனுக்கு அந்த அளவு எழுத்து போதும்.

அதற்கு முன் திருப்பூரில் சாயப்பட்டறை, காசிமேட்டில் ஐஸ் உடைப்பு, ஓசூரில் கோழித் தீவனக் கிடங்கு. எங்கும் ஒரு வருஷம் முழுதாக இருந்ததில்லை. இங்கே சுங்குவார்சத்திரத்தில் ஒரு லாட்ஜ் அறையில் நாலு பேர் இருந்தோம். ஒருவன் ஷிப்ட் முடிந்து வரும்போது இன்னொருவன் எழுந்து போவான். அந்தப் பாய் ஆறியே நான் பார்த்ததில்லை.

எங்கள் டிரான்ஸ்போர்ட் ஒரு பெரிய தொழிற்சாலைக்கு உதிரிபாகம் ஏற்றிக்கொண்டிருந்தது. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக எவ்வளவு புகை விட்டோம் என்று அந்தத் தொழிற்சாலை வெளிநாட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமாம். அதனால் எங்கள் வண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மாதாமாதம் பட்டியல் போடுவார்கள். முதல் மூன்று வண்டிக்கு இலைப் படம் போட்ட சான்றிதழ். கடைசி மூன்றுக்கு எச்சரிக்கை. தொடர்ந்து இரண்டு மாதம் கடைசியில் வந்தால் வண்டிக்கும் டிரைவருக்கும் கேட் பாஸ் ரத்து. டிரைவர்கள் அதை ரேங்க் கார்டு என்றார்கள்.

அளப்பதற்கு என் குச்சி மட்டுமல்ல. ஒவ்வொரு வண்டியின் டேஷ்போர்டுக்குள்ளும் சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அது அனுப்பும் செய்தி, ஆபீஸில் எனக்குக் கொடுத்திருந்த போனில் புள்ளியாகத் தெரியும். பச்சை என்றால் வண்டி ஓடுகிறது. சிவப்பு என்றால் அணைந்து நிற்கிறது. மஞ்சள் என்றால் நின்ற இடத்தில் இஞ்சின் சும்மா ஓடுகிறது. மஞ்சள்தான் பாவம். சாயங்காலம் ஒவ்வொரு வண்டிக்கும் அன்றைய நாள் மூன்று நிறத்தில் ஒரு நீளக் கோடாக வரும்.

வேலையில் சேர்ந்த அன்று ஆபீஸ் மேடம் எனக்கு அப்படி ஒரு கோட்டைத் திரையில் காட்டினார். திருச்சிப் பக்கத்துப் பெண், என்னைவிடச் சின்னவர், அதிர்ந்து பேசமாட்டார். கோட்டில் காலையில் கொஞ்சம் பச்சை. பதினொரு மணியிலிருந்து மாலை ஆறு வரை ஒரே மஞ்சள், நடுவில் ஒரு வெட்டுக்கூட இல்லை.

“ஒரு வண்டி இப்படி இருக்கவே கூடாதுண்ணா. எல்லா டிரைவருக்கும் டிரெய்னிங்ல இதைத்தான் காட்டுறேன்.”

எந்த வண்டி என்று நான் கேட்கவில்லை.

யார்டில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். வண்டி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்தான் டிரைவரின் பெயர். “எண்பத்தொண்ணு சாப்ட்டாச்சா?” “பதிமூணுக்குக் காய்ச்சல்.” டிரைவர் மாறினால் பெயரும் வண்டியோடு அடுத்தவருக்குப் போய்விடும். நான் சேர்ந்தபோது நாற்பத்தாறாக இருந்தவர் பிள்ளைப்பாக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். முந்தைய கோடையில் இன்னொருவர் நாற்பத்தாறாக இருந்தார். தொழிற்சாலைக்கு வெளியே லாரி நிறுத்தும் மைதானத்தில், உள்ளே போக டோக்கன் வரும் என்று காத்திருந்தவர், சீட்டிலேயே செத்துப்போனார். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த மே மாதம் பாதி கடந்தபோது நாற்பத்தாறு பட்டியலில் கடைசியில் இருந்தார். ஏப்ரலிலும் கடைசி. தினமும் மூன்று மணி நேரம், நாலு மணி நேரம் மஞ்சள். இன்னும் பதினைந்து நாள் இப்படியே போனால் கேட் பாஸ் போய்விடும்.

என்னிடம் வந்து நின்றார்.

“தம்பி, நான் இஞ்சினை ஆஃப் பண்ணிட்டுதான் ஒக்கார்றேன். எங்கம்மா மேல சத்தியம்.”

“பெட்டி அப்பிடி சொல்லலியேணா.”

“பெட்டிக்கு இன்னா தெரியும்? இந்த கேட்டு போச்சின்னா என்னைய வெளியூர் லைனுக்குதான் அனுப்புவாங்க. போனா பத்து நாளு. வூட்ல அதுக்கு எந்நேரம் வலிப்பு வரும்னு சொல்ல முடியாது. ராத்திரிக்கு நான் வூட்ல இருந்தே ஆவணும்.”

‘அது’ என்றது அவர் மனைவியை. பிள்ளைகள் இல்லை. அவர் சொன்னது எனக்கும் உறுத்தியது. ஏனென்றால் என் குச்சியும் அவர் பக்கம்தான் பேசியது. அத்தனை மணி நேரம் இஞ்சின் ஓடியிருந்தால் டேங்கில் அவ்வளவு டீசல் மிச்சம் இருக்க முடியாது. மேடத்திடம் சொன்னேன். குச்சி கையால் பார்ப்பது, பெட்டி தானாகப் பார்ப்பது, அதனால் பெட்டியைத்தான் எடுத்துக்கொள்வோம் என்றார்.

மறுநாள் மதியம் நானே மைதானத்துக்குப் போனேன். வடக்குப்பட்டுப் பக்கம் போகும் ரோட்டை ஒட்டி, சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேல் சுவர், தரை முழுக்க சிமெண்ட். நிழல் என்று எதுவும் இல்லை. முப்பது நாற்பது வண்டிகள் மூக்கை ஒரே பக்கம் வைத்து நிற்கும். ரேங்க் கார்டு வந்ததிலிருந்து எல்லோரும் இஞ்சினை அணைத்துவிடுவார்கள். அத்தனை வண்டி, ஒவ்வொன்றிலும் ஒரு ஆள், ஆனால் தும்மல் சத்தம்கூடக் கேட்காது. வெயிலில் தகரம் விரியும்போது எங்கோ ஒரு ‘டக்’. அவ்வளவுதான். பட்டப்பகலில் அந்த வரிசைக்கு நடுவே நடக்க எனக்குப் பிடிக்காது.

நாற்பத்தாறின் வண்டி சுவரோரம் நின்றது. பின்னால் போய் சைலன்சர் வாயில் ஒரு தாளைப் பிடித்தேன். அசையவில்லை. சேசிஸில் உள்ளங்கையை வைத்தேன். சூடு இருந்தது, நடுக்கம் இல்லை. போனை எடுத்துப் பார்த்தேன்.

மஞ்சள். பக்கத்தில் நிமிஷம் ஏறிக்கொண்டிருந்தது. அதன் கீழே, எரிந்துபோன டீசலின் கணக்கும் சொட்டுச் சொட்டாகக் கூடிக்கொண்டிருந்தது.

செத்த வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் டீக்கடைக்கு எட்ட ஒரு நாள்கூட ஆகவில்லை. எண்பத்தொன்றுக்கு வாய் நீளம். நாற்பத்தாறு டம்ளரை எடுக்கும்போதே ஆரம்பித்தார்.

“இன்னா நாப்பத்தாறு, வண்டியில ரெண்டு ஆளு கீறீங்களாமே?”

“போடா டேய்.”

“பழைய நாப்பத்தாறு இன்னும் எறங்கலபா. சீட்டு அவுருது. நீதான் அவுரு மடியில ஒக்காந்துகினு கீற.”

எல்லோரும் சிரித்தார்கள். நாற்பத்தாறும் சிரித்தார். ஆனால் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் அவர் மைதானத்தில் வண்டிக்குள் உட்காரவில்லை. இறங்கி, முன் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே குந்திக்கொண்டார். நான் போனைப் பார்த்தேன். சிவப்பு. அன்று நின்ற நேரம் முழுக்க சிவப்பு. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் செக்யூரிட்டி பிடித்துக்கொண்டான். ரிவர்ஸ் எடுத்த வண்டியில் யாரோ அடிபட்டதிலிருந்து மைதானத்தில் டிரைவர்கள் கீழே இறங்கக் கூடாது என்று சட்டம். அவனும் பெயரை எழுதிக்கொண்டு ஒரு எச்சரிக்கை கொடுத்தான். நாற்பத்தாறு மறுபடி ஏறி உட்கார்ந்தார். சில நிமிஷத்தில் புள்ளி மஞ்சளானது.

“பாத்தியா தம்பி,” என்று மறுநாள் காலை என் குச்சியையே பார்த்தபடி சொன்னார். “நான் ஏறினா ஓடுது. எறங்கினா நிக்குது. வண்டில ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் இன்னாவோ ஆயிகினு கீது.”

நாலு பக்கச் சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். வண்டிக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார். அவர் முகம் அந்த ஒரு வாரத்தில் சுருங்கிப்போயிருந்தது. ஸ்டியரிங்கைத் தொடும் முன் கையை வேட்டியில் துடைத்துக்கொள்வார், யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைத் தொடுவது போல.

மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. ஒரு மதியம் அவரோடு நானும் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தேன். பயமில்லை என்று சொல்லமாட்டேன். நான் எலி ஓடும் கிடங்கிலும் பிணவறைக்குப் பக்கத்து ஷெட்டிலும் தூங்கியவன். ஆனாலும் அந்தப் பக்கத்து சீட்டில் முழுசாகச் சாயாமல் நுனியில்தான் உட்கார்ந்தேன். கதவை மூடியதும் மூச்சு அடைத்தது. கண்ணாடியில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சாவியை அவர் கழற்றி என் கையில் கொடுத்தார். என் மற்றொரு கையில் போன். மஞ்சள்.

கண்ணாடியோரம் திருகி வைத்த சின்ன நீல ஃபேன் ஒன்று எங்கள் முகத்துக்கு நேரே சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அது ஒரு கரகரப்போடு நின்றுபோனது.

“இது ஒண்ணு, ஒயரு லூசு,” என்றார். துண்டால் விசிறிக்கொண்டார்.

நான் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு நிமிஷம் இருக்கும். சிவப்பானது.

அவர் எட்டி ஃபேனை ஒரு தட்டுத் தட்டினார். சுற்றியது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நூறுக்கு மேல் எண்ணியபோது மஞ்சள்.

“அண்ணா, ஃபேனை ஆஃப் பண்ணு.”

அணைத்தார். சிவப்பு. போட்டார். மஞ்சள். நாலு தடவை செய்து பார்த்தோம். ஃபேனையும் ஒயரையும் புள்ளியையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். பேட்டரியிலிருந்து வரும் ஃபேன் ஒயரை, சாவி போட்டால் உயிர் வரும் ஒயரோடு சேர்த்து முறுக்கியிருந்தார்கள். ஃபேன் சுற்றினால் சாவி இல்லாமலே அந்த ஒயருக்கும் உயிர் வரும். பெட்டிக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒயர்தான். அதில் உயிர் இருந்தால் இஞ்சின் ஓடுகிறது என்று எழுதிக்கொள்ளும்.

நாற்பத்தாறு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தார். அந்த டீக்கடைச் சிரிப்புக்கு அப்புறம் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். திடீரென்று நிறுத்திவிட்டு ஃபேனைப் பார்த்தார்.

“இது நான் போட்டது இல்ல தம்பி. வண்டி எங்கைக்கு வரும்போதே இருந்துச்சி.”

அதற்கு முன் வண்டி பழைய நாற்பத்தாறின் கையில் இருந்தது.

சாயங்காலம் டீக்கடையில் எண்பத்தொன்றைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். போன கோடையில் அந்த வண்டிக் கதவைத் திறந்தவர் அவர்தான்.

“அன்னிக்கு இஞ்சின் ஓடிகினு இருந்துச்சா?”

“ஓடிகினுதான்...” என்று தொடங்கியவர் நிறுத்தினார். “ஆபீஸ்ல அப்பிடிதான் சொன்னாங்க. மத்தியானம் டோக்கனுக்கு போன் போட்டாங்களாம், அவுரு எடுக்கல. ஸ்கிரீன்ல மஞ்சளா இருந்துச்சாம், ஜம்முனு ஏசி போட்டு தூங்கறாருன்னு அடுத்த வண்டிக்கு டோக்கன் குடுத்துட்டாங்க.”

“நீ கதவைத் தெறந்தப்ப?”

“சத்தமே இல்லபா. ஃபேனு மட்டும் அவுரு மூஞ்சிக்கு நேரா சுத்திகினு இருந்துச்சி. நான்தான் ஆஃப் பண்ணேன்.” அன்று அவர் அதற்குமேல் யாரையும் கிண்டல் செய்யவில்லை.

நாற்பத்தாறு சொன்ன யோசனை எளிமையானது. சுங்குவார்சத்திரத்தில் எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் காட்டி, ஃபேனைச் சாவி ஒயரிலிருந்து பிரித்து நேராக பேட்டரியில் மட்டும் மாட்டிவிட்டால் முடிந்தது. பத்து நிமிஷ வேலை. நான்தான் வேண்டாம் என்றேன். ஒயரை மாற்றினால் நாளையிலிருந்துதான் சிவப்பு வரும். இந்த மாதத்தில் ஏற்கெனவே ஏறிய மஞ்சள் அப்படியே இருக்கும், கடைசி இடம் மாறாது, பாஸ் போய்விடும். ஆபீஸில் காட்டி, பழையதையும் அழிக்கச் சொல்ல வேண்டும் என்றேன். அது உண்மைதான். ஆனால் ஒன்பதாம் வகுப்பு படித்தவன் பெட்டியின் தப்பைக் கண்டுபிடித்துவிட்டான் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்தது.

மேடம் கவனமாகக் கேட்டார். போனில் எடுத்த படத்தையெல்லாம் பார்த்தார். பிறகு செத்தவரின் தேதியைக் கேட்டு, அந்த நாளின் கோட்டைத் திறந்தார். பதினொரு மணியிலிருந்து ஆறு வரை ஒரே மஞ்சள். எனக்கு முதல் நாள் காட்டிய அதே கோடு.

அவர் கையை வாயில் வைத்துக்கொண்டார். எத்தனை பேருக்கு அதைக் காட்டினாரோ அவருக்கே தெரிந்திருக்கும். இஞ்சினை அணைத்துவிட்டு, சட்டப்படி உள்ளேயே உட்கார்ந்திருந்த ஒரு ஆள், அதில் எத்தனை நேரம் உயிரோடு இருந்தார் என்று அந்தக் கோட்டில் தெரியவில்லை. முழுக்க ஒரே நிறம்.

“மத்த வண்டியிலயும் இப்படி இருக்குமாண்ணா?”

“சிலதுல இருக்கும் மேடம். எல்லாருமே ஃபேன் போட்டிருக்காங்க.”

“அப்போ நாம அனுப்பின கணக்கு...” என்று தொடங்கி, அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். “போன வருஷக் கணக்கோடதானே ஒப்பிடுவாங்க, அப்பவும் இதே ஃபேன்தானே. ரெண்டு வருஷத்திலயும் தப்பு ஒரே மாதிரி இருந்தா, ஒப்பிட்டுப் பார்க்கிறது ஒண்ணும் மாறாது.”

நல்லவர்தான். நாற்பத்தாறின் மஞ்சளை அன்றே நீக்கச் சொல்லி எழுதினார். பட்டியலில் அவர் கடைசியிலிருந்து நடுவுக்கு வந்தார். பாஸ் பிழைத்தது. அவர் எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அவர் மனைவி செய்த முறுக்கும் ஒரு பொட்டலம் வந்தது.

ஆனால் மேடம் எழுதியதோடு என் படங்களும் தொழிற்சாலைக்குப் போயிருந்தன. அங்கே அவற்றைப் பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரிந்தது: வண்டியில் அனுமதியில்லாத ஒயரிங். தீப்பிடிக்கும். ஜூன் முதல் வாரம் இரண்டு பேர் வந்து எல்லா வண்டியிலிருந்தும் ஃபேனைக் கழற்றி ஒரு டிரம்மில் போட்டார்கள். பேட்டரியில் நேராக மாட்டியிருந்ததும் போனது. நீலம், பச்சை, வெள்ளை என்று டிரம் நிறைந்து வழிந்தது. ஒரு டிரைவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எண்பத்தொன்று மட்டும், “உனக்கு இன்னா, நீ குச்சி விடறவன்,” என்றார்.

அதற்குப் பிறகு மைதானம் முழுக்க சிவப்புதான். மதியம் இரண்டு மணிக்கு என் போனில் முப்பது, நாற்பது சிவப்புப் புள்ளிகள் அசையாமல் இருக்கும். மேடம் சந்தோஷப்பட்டார். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. சிவப்பு என்றால் இஞ்சின் அணைந்திருக்கிறது. உள்ளே இருப்பவரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தினமும் அங்கே போய், ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு நடந்தேன். உள்ளிருந்து ஒரு இருமல் வரும், ஒரு கெட்ட வார்த்தை வரும், கண்ணாடியில் ஒரு கை தெரியும். அடுத்த வண்டிக்குப் போவேன். ஒரு நாள் நாற்பத்தாறின் கதவைத் தட்டியபோது பதில் வரவில்லை. மறுபடி தட்டினேன். படியில் ஏறிப் பார்த்தேன். தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நிற்பது அவருக்குத் தெரியவில்லை. கதவைத் திறந்தேன்.

மெதுவாகத் திரும்பினார். “இன்னாபா? செத்துட்டேனான்னு பாக்கறியா?”

“ஆமாம்ணா.”

“சரி. நாளைக்கும் வந்து பாரு.”

அந்த வாரமே வேலையை விட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. எனக்கு ஓரிடத்தில் கால் நிற்காது என்பது ஒரு காரணம், இனி அந்தக் கதவுகளைத் தட்ட முடியாது என்பது இன்னொன்று. அவரிடம் போய்ச் சொன்னேன். வண்டியின் படியில் நின்றுகொண்டுதான் பேசினோம். இனிமேல் யார் தட்டுவார்கள் என்று நான் கேட்டேன்.

“போறவன் போ. எங்களுக்கு ஹாரன் கீது. சாவி போடாமலே அடிக்கும். அதுக்கு ரேங்க் கார்டுல எடமே இல்ல. எண்பத்தொண்ணுகிட்ட பேசிட்டேன். அரை மணிக்கு ஒருக்கா மொத வண்டி அடிச்சா வரிசையா அடிச்சிகினே போவணும். எவனாவது அடிக்கலன்னா பக்கத்து வண்டிக்காரன் எறங்கணும். செக்யூரிட்டி எழுதினா எழுதிக்கட்டும்.”

“பாஸ் போய்டும்ணா.”

“ஒரு ஆளு எறங்கினா பேர் எழுதுவான். நாப்பது ஆளு எறங்கினா இன்னா எழுதுவான்?”

மறுநாள் பையோடு பஸ்ஸில் ஏறினேன். மதியம்தான். மைதானச் சுவரை ஒட்டி டிராபிக்கில் பஸ் நின்றது. முன்னால் ஒரு டிரெய்லர் திரும்பிக்கொண்டிருந்தது. சுவருக்கு உள்ளே ஒரு ஹாரன் கேட்டது, சின்னதாக. அப்புறம் அதைத் தாண்டி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் எண்ணத் தொடங்கினேன். ஒவ்வொரு ஹாரனுக்கும் ஒரு குரல் இருந்தது, ஆனால் எது யாருடையது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நடுவில் ஒரு இடைவெளி வந்தது. ஜன்னல் பக்கம் காதைச் சாய்த்தேன். பிறகு ஒன்று அடித்தது, அடுத்தது அடித்தது, தூரம் போகப்போகத் தேய்ந்துகொண்டே போயிற்று.

முப்பத்துமூன்று எண்ணினேன். பஸ் நகர்ந்துவிட்டது. அன்று உள்ளே எத்தனை வண்டி நின்றது என்று எனக்குத் தெரியாது. போனை முந்தின நாளே ஆபீஸில் ஒப்படைத்திருந்தேன்.